உன் கேர்னலை நான் கேணல் என்று கேட்டேன்

தம்பி,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லி முடித்துவிடுகிறேன். பிறகு உன்னைத் திட்ட வசதியாக இருக்கும். ஒன்றரை வருஷமாக, நீ துறைமுகத்தில் வேலை செய்கிறாய் என்று வெள்ளவத்தை ஸ்டாண்டில் ஓட்டோ வைத்திருக்கிற பதினாலு பேருக்கும் நான் சொல்லித் திரிந்தேன். பிழை என்னுடையது மட்டுமில்லை. "என்னடா எந்த நேரமும் அந்தப் பெட்டியோட?" என்று கேட்டபோது, திரையில் இருந்து கண்ணை எடுக்காமல் "போர்ட்டிங் வேலையப்பா" என்றாய். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். எனக்குத் தெரிந்த போர்ட் ஒன்றுதான், அதில் கப்பல் நிற்கும். நீ காலையில் போவதும் கொட்டாஞ்சேனைக்கு. அங்கே ஒரு மாடியில் ஏறி எட்டிப் பார்த்தால் கிரேன் தெரியும். கொம்பியூட்டர் கிளாஸ் எடுக்கப் போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள்தான். துறைமுகத்துப் பெடியன்களுக்குக் கிளாஸ் எடுக்கிறாய், வீட்டுக்கு வந்து எந்தக் கப்பலை எந்தப் பக்கம் கட்டுவது என்று பெட்டியில் பார்க்கிறாய் என்று நானே கூட்டிச் சேர்த்துக்கொண்டேன். கிருலப்பனையில் இருந்து என் ஓட்டோவில் கோயிலுக்கு வருகிற ஒரு அம்மா, துறைமுக மாப்பிள்ளை என்று கேள்விப்பட்டுத் தன் மகளின் சாதகக் குறிப்பையே என் கையில் தந்துவிட்டார். அது இன்னும் என் சீட்டுக்கு அடியில், ஸ்பனருக்குப் பக்கத்தில் கிடக்கிறது. பிள்ளைக்கு நல்ல நட்சத்திரம்.

அதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். எங்களைப் போன்ற தமிழ் வீடுகளில் யார் யார் இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று பொலிசில் பதிய வேண்டுமே, அந்தப் படிவத்தோடு போனது நான்தான். மேசையில் இருந்தவர் மகன் என்ன செய்கிறான் என்று சிங்களத்தில் கேட்டார். "போர்ட் எக்கே, சேர்", துறைமுகத்தில் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அவர் ஒரு தடவை என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். அரசாங்க வேலை என்றதும் மரியாதை வந்துவிட்டது என்று நினைத்து வீடு வரைக்கும் ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தேன்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு ஓட்டோவை நிற்பாட்டிவிட்டு உள்ளே வருகிறேன். உன் அறைக் கதவு பாதி திறந்திருக்கிறது. நீயும் ரிஸானும் பெட்டிக்கு முன்னால் குனிந்திருக்கிறீர்கள். கிராண்ட்பாஸில் இருந்து மூன்று பஸ் ஏறி வந்து உன் அம்மாவின் சொதியைப் புகழ்ந்தே ஒரு சட்டி குடிக்கிற ரிஸான்தான். நான் செருப்பைக் கழற்றிக்கொண்டு நிற்க, அவன் குரல் கேட்டது.

"பழைய கேணல் இனிச் சரிவராது மச்சான். புதுக் கேணல்தான்."

"ஓம், ஆனா எல்லாம் பழைய கேணலையே நம்பிப் பழகிட்டுதுகள். ஒவ்வொண்டா இழுத்து எடுக்கவேணும்" என்று நீ சொன்னாய்.

"ஜெர்மனிக்காரன் என்ன சொல்றான்?"

"அடுத்த மாசத்துக்குள்ள எழும்ப வேணுமாம். நேற்று எழும்பினதுதான். ரெண்டு நிமிசத்தில கேணல் பனிக். எல்லாம் படுத்திட்டுது."

நீயே சொல்லு. இந்த நாட்டில், இந்தச் சண்டைக் காலத்தில், தமிழ்ப் பேப்பர் வாசிக்கிற ஒருத்தனுக்குக் கேணல் என்றால் படை நடத்துகிற பெரியவன், வேறு யார்? அந்தப் பக்கத்திலும் கேணல் இருக்கிறார், இந்தப் பக்கத்திலும் கேணல் இருக்கிறார், இரண்டு பக்கத்துக் கேணலிடமும் துவக்கு இருக்கிறது. என் மகன் அறைக்குள் இருந்து ஒரு கேணலைக் கழற்றி இன்னொரு கேணலைப் பூட்டுகிறான், ஜெர்மனியில் இருந்து ஒருத்தன் நாள் குறிக்கிறான், கேணல் வேறு பயந்துபோய் இருக்கிறார். அந்த நேரம் பார்த்து என் மண்டைக்குள் மற்றச் சொல் வந்து முட்டியது: போர்ட். கேணலும் போர்ட்டும் சேர்ந்தால் குண்டு. அந்தப் போர்ட்டை என் வாயாலேயே படிவத்தில் எழுதக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அன்றைக்கு உன் அம்மா வைத்த சோற்றை அப்படியே மூடி வைத்தேன். எனக்கு வயிற்றுக்குள் ஏதோ என்று அவள் ஓமத்தண்ணி காய்ச்சினாள்.

உன்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதைத்தான் இத்தனை நாளாக நினைத்துக்கொண்டு ஓட்டோ ஓட்டுகிறேன். ஊரில் உள்ள அத்தனை பேரிடமும் வாய் கொடுப்பவன், சோதனைச் சாவடியில் நிற்கிற ஆமிக்காரனிடமே பகிடி விடுபவன், உன்னிடம் கேட்கப் பயந்துவிட்டேன். நீ "ஓம்" என்று சொல்லிவிடுவாயோ என்ற பயம். திங்கட்கிழமை காலை நீ கொட்டாஞ்சேனைக்குப் போனதும், உன் அம்மா சந்தைக்குப் போனதும், வயர்களைக் கழற்றி அந்தப் பெட்டியைக் குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடலில் போடலாம் என்றால் வழியில் செக்கிங். உடுப்பு ஊறப்போடுகிற பெரிய பேசினில் வைத்து, பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் அடித்தேன். வெறும் தண்ணீரில் எழுத்து போகுமோ என்று சந்தேகமாக இருந்தது. சலவைத்தூளும் போட்டேன்.

நீ இரண்டு மணிக்கு வந்தாய். மேசையைப் பார்த்தாய். அதில் தூசியில்லாத சதுரம் ஒன்று மட்டும் இருந்தது.

"அப்பா, என்ர மெசின் எங்க?"

"ஊறுது" என்றேன்.

நீ குளியலறை வாசலில் நின்று நுரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். கத்துவாய் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். நீ சட்டைக் கையை மடித்துவிட்டுத் தண்ணீருக்குள் கையை விட்டு மெசினை எடுத்துத் துவாயில் வைத்தாய், சின்னப் பிள்ளையைக் குளிப்பாட்டி எடுக்கிற மாதிரி. நான் கேணல் என்று தொடங்கி, போர்ட் என்று போய், படிவத்தில் வந்து முடித்தேன். நீ முழுவதையும் கேட்டாய். சிரிப்பு வருகிற கதைதான், இன்றைக்கு ஸ்டாண்டில் சொன்னால் பதினாலு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நீ சிரிக்கவில்லை. "நான் அப்பிடிச் செய்வன் எண்டு நினைச்சியளே அப்பா?" என்றாய். நான் பேசினைக் கவிழ்த்து நுரையை ஊற்றப் போனேன்.

மூன்று நாள் கழித்து நீயே வந்து விளங்கப்படுத்தினாய், அதை மறுக்கமாட்டேன். ஓட்டோவின் பின்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு குந்தியிருந்து சொன்னாய். "இந்த எஞ்சினைக் கழட்டிப்போட்டு வேற கொம்பனி எஞ்சின் ஒண்டை வையுங்கோ. மேல பொடி, வெளித்தகரம், அதேதான், சீட் அதேதான், ஹான்டில் அதேதான். ஏறி இருக்கிற ஆளுக்கு வித்தியாசம் தெரியக்கூடாது. கேர்னல் எண்டா எஞ்சின். லினக்ஸ் எண்டிறது ஒரு எஞ்சின்ர பேர். அதுக்கு மேல இருக்கிற அவ்வளவு சாமானையும் வேற எஞ்சினில ஓடப்பண்ணுறதுதான் நாங்கள் செய்யிற போர்ட்டிங்."

எஞ்சின் என்றால் எனக்குத் தெரியுமே. "வேற எஞ்சின் எண்டா நட்டுத் துவாரம் ஒத்துவராது, கியர் கேபிள் நீளம் காணாது" என்றேன். உன் முகம் அப்போது மலர்ந்ததை நான் பார்த்தேன். "அதுதானப்பா! ஆயிரக்கணக்கான புரோகிராம். ஒவ்வொண்டும் லினக்ஸ் இருக்குமெண்டு நம்பி எழுதினது. இன்ன இடத்தில இன்ன ஃபைல் இருக்குமெண்டு கண்ணை மூடிக்கொண்டு போய்க் கையை வைக்கும், அங்க ஒண்டும் இராது, விழுந்திடும். ஒவ்வொண்டாக் கட்டிப் பாத்து, விழுகிறதைத் திருத்தி, திரும்பக் கட்டவேணும்." யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த புதுசில் நானும் அப்படித்தான் காலையில் கண்ணை மூடிக்கொண்டு கிணற்றடிக்கு எழும்பிப் போய் இந்தச் சுவரில் முட்டுவேன் என்று சொன்னேன். நீ சிரித்தாய். பழைய எஞ்சின் நன்றாகத்தானே ஓடுகிறது, பிறகேன் இந்தப் பாடு என்று கேட்டதற்கு, வேறு எஞ்சினில் வைத்துப் பார்த்தால்தான் பழையதில் இத்தனை நாள் மறைந்திருந்த பிழைகள் வெளியே வரும் என்றாய். சம்பளம் எவ்வளவு என்றேன். சம்பளம் இல்லை என்றாய். பதினாலு பேருக்கும் இதை எப்படிச் சொல்வது என்று அன்றைக்குத்தான் எனக்குப் பெரிய கவலை.

இன்னொன்றும் சொன்னாய், அதைத்தான் நான் இப்போது கையில் எடுக்கப்போகிறேன். உங்களுக்கு ஒரு மெயில் பட்டியல் இருக்கிறது, உலகம் முழுக்க இந்த வேலை செய்கிறவர்கள் எழுதுவதை எல்லாரும் வாசிக்கலாம், ஆர் என்ன பிழை விட்டான், ஆர் ஆரைத் திட்டினான் எல்லாம் அதில் கிடக்கும் என்றாய். "எங்களில ஒருத்தரும் ஒளிக்கிறதில்லையப்பா. பிழை விட்டாலும் எல்லாருக்கும் முன்னாலதான் விடுறது. ஆரும் மூடியைத் திறந்து பாக்கலாம்." அதைச் சொல்லும்போது உனக்கு எவ்வளவு பெருமை! நான் மறுநாளே பொலிசுக்குப் போய்ப் படிவத்தைத் திருத்தக் கேட்டேன். போர்ட் இல்லை சேர், எஞ்சின் மாற்றுகிறான் என்றேன். மெக்கானிக் என்று எழுதிவிட்டார். அது போதும் என்று வந்துவிட்டேன்.

அந்தப் பெட்டிக்குள் நீ திருத்திவிட்டு இன்னும் அனுப்பாத முப்பத்தாறு திருத்தங்கள் இருந்தனவாம். அதை நீ சொல்லவில்லை, ரிஸான் சொன்னான். ஐந்து கிழமையாக ஒவ்வொரு நாளும் கிளாஸ் முடிந்ததும் நேரே கிராண்ட்பாஸுக்குப் போய், அவனுடைய மெசினில் அத்தனையையும் ஞாபகத்தில் இருந்து திரும்பச் செய்தாய். ஒரு நாளும் என் ஓட்டோவில் ஏறவில்லை. "பஸ் இருக்குதானே அப்பா" என்றாய். கோபமில்லாமல்தான் சொன்னாய். கோபம் இருந்தால் எங்கே அடிக்கலாம் என்று எனக்குத் தெரிந்திருக்கும். அதன் பிறகு நான் கேட்டால் பதில் வரும். கேட்காமல் ஒன்றும் வராது. சாப்பிட்டியா என்றால் சாப்பிட்டன். வேலை எப்படி என்றால் போகுது. என் சொந்த மகனோடு பேசுவது, வாடகை ஹயருக்கு ஏறின ஆளோடு பேசுகிற மாதிரி ஆகிவிட்டது. ஹயருக்கு ஏறினவனாவது இறங்கும்போது எங்கே போகிறான் என்று சொல்வான்.

போன வெள்ளிக்கிழமை ரிஸான் புறக்கோட்டையில் என்னைக் கண்டு ஓட்டோவில் ஏறினான். பாதி வழியில் பின்னால் இருந்து, "அங்கிள், வியாழக்கிழமை எயார்போர்ட்டுக்கு நீங்கதானே கொண்டு போறீங்க? எனக்கும் ஒரு சீட் வைங்க" என்றான்.

"ஓம் ஓம், பின்னே ஆர்?" என்றேன். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்திருப்பான் போலிருக்கிறது.

"அங்கிள்... ஒங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியாமலா? ஜெர்மனிதானே?" என்று இருட்டில் ஒரு கல்லை எறிந்து பார்த்தேன். அவன் நிம்மதியாகி எல்லாவற்றையும் கொட்டினான். உன் பட்டியலில் இருக்கிற அந்த ஜெர்மனிக்காரன் தன்னுடைய ஒஃபீஸில் உனக்கு வேலை எடுத்துக் கொடுத்ததும், ஆறு மாசமாக விசா அலைச்சலும், போன மாசம் முத்திரை விழுந்ததும், வியாழன் பின்னேர ஃபிளைட்டும். நான் தலையை ஆட்டிக்கொண்டே ஓட்டினேன். அவனை இறக்கிவிட்டுக் காசு வாங்க மறந்துபோனேன். நீ கண்டிக்கு மூன்று நாள் ட்ரெயினிங் போகிறாய் என்று எனக்குச் சொல்லியிருந்தாய். புதுப் பயணப்பெட்டியை நான்தான் அலுமாரிக்கு மேல் இருந்து இறக்கித் தந்தேன். "கண்டிக்கு இவ்வளவு பெரிசா?" என்று பகிடி வேறு விட்டேன்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவைக் கேட்டேன். மறைக்கவில்லை அவள். "உங்களுக்குச் சொன்னா ஸ்டாண்ட் முழுக்கத் தெரியும். ஸ்டாண்டுக்குத் தெரிஞ்சா வெள்ளவத்தை முழுக்கத் தெரியும். பெடியன்தான், தான் வெளிக்கிடும் வரைக்கும் வாயைக் கட்டவேணும் எண்டு சொன்னவன்" என்றாள்.

"நான் அப்பிடியே சொல்லித் திரிவன்?"

"சொன்னாலும் பரவாயில்லை. பாஸ்போட்டையும் ஊறப்போட்டிருப்பியள்."

சிரித்தேன், தம்பி. சரியான அடி, சிரிக்காமல் இருக்க முடியவில்லை. சிரித்து முடித்துவிட்டு ஸ்டாண்டுக்குப் போனேன். அங்கே நம்முடைய சுனில், இரண்டு வருஷமாக என் வெற்றிலையைக் கேட்காமலே எடுத்துப் போடுகிறவன், எயார்போர்ட் ஹயருக்கு ஓடுகிற தன் வான் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். வியாழக்கிழமை என்ன ஹயர் என்று சும்மா கேட்டேன். துணியைக் கீழே போட்டான். "அண்ணே, மகன் சொல்ல வேணாம் சொன்னது" என்றான்.

எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டேன். இதைத் தாங்க முடியவில்லை. ஸ்டாண்டுக்குத் தெரியக்கூடாது என்று எனக்கு மறைத்தாய், அதே ஸ்டாண்டில் வானைப் பிடித்தாய். இருபது வருஷமாக யார் யாருடைய பிள்ளைகளையோ எயார்போர்ட்டில் இறக்கிவிட்டவன் நான். தாய் தகப்பன் அழுகிற அழுகையைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, திரும்பி வரும்போது அவர்களைச் சிரிக்கவைக்கக் கதை சொல்லிக்கொண்டு வந்தவன். என் முறை வரும்போது நான் வீட்டில் இருந்து, மகன் கண்டியில் சேமமாக இருக்கிறான் என்று நினைத்து இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பேன். உங்களில் ஒருத்தரும் ஒளிப்பதில்லை என்றாயே. கண்ணால் காணாத ஜெர்மனிக்காரனுக்குத் தெரியும், கிராண்ட்பாஸுக்குத் தெரியும், அடுப்படிக்குத் தெரியும், சுனிலுக்குத் தெரியும். உன் மூடியை உலகத்தில் யாரும் திறந்து பார்க்கலாம். தகப்பனுக்கு மட்டும் பூட்டு.

பூட்டுப் போட வைத்தது நான்தான் என்பதும் எனக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொள்ள ஏழாம் வகுப்பே அதிகம். நீ ஒரு நாள் கதவைப் பாதி திறந்து வைத்திருந்தாய். நான் உள்ளே வந்து கேட்காமல், வாசலில் நின்று கேட்டதை வைத்து உனக்குத் தீர்ப்பு எழுதினேன். என் மகன் இரண்டு சொல்லுக்குள் மாறிவிடுவான் என்று நம்பினேன். நனைந்தது பெட்டி மட்டுமில்லை. ஆனால் நீயும் அதைத்தானே செய்தாய்? அப்பா மாறியிருக்கமாட்டார் என்று கேட்காமலே முடிவெடுத்தாய். நான் வாசலில் நின்று பிழையாகக் கேட்டேன், நீ கேட்கவேயில்லை. இதில் யாருக்குப் பாரம் கூட என்று என்னால் நிறுத்துச் சொல்ல முடியாது.

புத்தி சொல்லாமல் தகப்பன் கடிதம் முடியாது, அதனால் சொல்கிறேன். இப்போது நீயே போர்ட் ஆகிறாய், கீழே இருக்கிற எஞ்சின் வேறு. பழக்கத்தில் போய்க் கையை வைப்பாய், ஒன்றும் இராது. விழுவாய். விழுந்தால் பட்டியலுக்கு எழுதுவாய், அது நல்ல பழக்கம். ஆனால் இங்கே இருந்தபோது தெரியாத பிழைகள் அங்கேதான் வெளியே வரும் என்று நீயே சொன்னாய். அதில் பாதி நாங்கள் உனக்குள் வைத்தவை. அவற்றைக் கண்டால் எனக்கு எழுது. திருத்தத் தெரியாது, ஆனால் எந்த இடத்தில் வைத்தோம் என்று சொல்லலாம். அங்கே யாராவது ஒரு சொல்லைச் சொல்லி உனக்கு விளங்கவில்லை என்றால், வெட்கப்படாமல் "என்னது?" என்று திரும்பக் கேள். அந்த ஒரு சொல்லை அன்றைக்கு நான் கேட்டிருந்தால் எனக்கு ஒரு மகன் மிச்சமாயிருப்பான்.

இதை நான் சொல்லச் சொல்ல ரிஸான் தட்டிக்கொண்டிருக்கிறான். நாளைக்குக் காலை உங்கள் பட்டியலுக்கே அனுப்பப்போகிறான். தனிக் கடிதமாகத் தந்தால் பயணப்பெட்டிக்குள் வைத்துவிட்டு ஜெர்மனியில் வாசிப்பாய். பட்டியலில் வந்ததை அந்த நிமிஷமே வாசிப்பாயாம். அதில் இருக்கிற அத்தனை பேரும் பார்க்கட்டும், எனக்கு ஒளிக்க ஒன்றுமில்லை. தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் நீங்கள் இரண்டு பேர்தான் என்று ரிஸான் சொல்கிறான். சரி, அவ்வளவு பேர் காணும்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு என் ஓட்டோவில் வெளிக்கிடு. நான் ஒன்றும் கதைக்கமாட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன், களனிப் பாலம் வரைக்கும் வாயை மூடப் பார்க்கிறேன். சுனிலிடம் சொல்லி வானை நிற்பாட்டியாகிவிட்டது. அவனுக்கும் வேறு ஹயர் கிடைத்து, ஒரு கல்யாண வீட்டாரை ஏற்றிக்கொண்டு கண்டிக்குப் போய்விட்டான், வெள்ளிக்கிழமைதான் வருவான்.

இன்று காலை ஓட்டோவைக் கழுவினேன். நீ ஏறும்போது ஒரு தூசி இருக்கக்கூடாது என்று பின்மூடியையும் திறந்து எஞ்சினுக்கும் சேர்த்துத் தண்ணீர் அடித்தேன். சலவைத்தூள் அந்தப் பழைய பைக்கற்றில் மிச்சமிருந்தது, அதையும் போட்டேன். இப்போது பின்னேரம் மூன்று மணி. ஸ்டார்ட் வரவில்லை. பிளக்கைக் கழற்றி அடுப்படியில் காய வைத்திருக்கிறேன். உன் அம்மா வந்து பார்த்தாள். உள்ளே போய், உன் பாஸ்போட்டை எடுத்து அலுமாரிக்கு மேலே வைத்தாள்.